லேபிளில் பெயர் இல்லாத பாடகர்: 78 தட்டில் கேட்கும் குரல் யாருடையது?

நீங்கள் எழுதியிருப்பதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்த உங்கள் பெரியப்பா காலமான பிறகு பரணிலிருந்து ஒரு பெட்டி நிறைய 78 தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய கிராமபோன் தட்டுகள்) இறங்கியிருக்கின்றன. மூன்றை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்று எச்.எம்.வி., ரே நோபிள் ஆர்கெஸ்ட்ரா, 'மிட்நைட், தி ஸ்டார்ஸ் அண்ட் யூ'. இரண்டாவது டெக்கா, லூ ஸ்டோனும் மான்சினியர் பேண்டும். மூன்றாவது கொலம்பியா, ஹென்றி ஹால் நடத்திய பி.பி.சி. டான்ஸ் ஆர்கெஸ்ட்ரா, 'டெடி பேர்ஸ் பிக்னிக்'. மூன்றிலும் ஒருவர் பாடுகிறார், ஆனால் பேண்டின் பெயரும் 'வித் வோகல் ரிஃப்ரெயின்' என்ற ஒரு வரியும்தான் அச்சாகியிருக்கின்றன. பாடுவது யார், மூன்றும் ஒரே ஆளா, ஏன் பெயர் போடவில்லை, விலை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலையைக் கடைசியில் பார்ப்போம். பெயரே எழுதாத ஒரு குரலுக்கு இன்னார் என்று எப்படிச் சொல்வது, சொன்னால் எவ்வளவு நம்பலாம் என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பழைய கிராமபோன்களைப் பழுதுபார்த்தும் இந்தக் காலத்து பிரிட்டிஷ் டான்ஸ் பேண்ட் தட்டுகளைச் சேர்த்தும் 27 வருடம் ஆகிறது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் தட்டில் பாடுவது ஆல் பௌலி, 1930-களில் லண்டன் டான்ஸ் பேண்டுகளில் பாடியவர். இதில் சந்தேகமே இல்லை. 1934 பிப்ரவரி 16-ஆம் தேதி லண்டனில் பதிவானது. பின்னாளில் 1980-இல் வந்த 'தி ஷைனிங்' படத்தின் கடைசிக் காட்சியில் ஒலிப்பது இதே பதிவுதான், அதனால்தான் எங்கோ கேட்ட குரல் மாதிரி இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். (அந்தக் காட்சியில் சுவரில் தொங்கும் புகைப்படத்தில் 1921 என்று இருக்கும். பாட்டு அதற்குப் பதின்மூன்று வருடம் பிந்தியது.) இரண்டாவது தட்டு பெரும்பாலும் பௌலியாகத்தான் இருக்கும், ஆனால் பாட்டின் பெயரை நீங்கள் எழுதாததால் அடித்துச் சொல்ல மாட்டேன். லூ ஸ்டோன் பேண்டில் டிரம்பெட் வாசித்த நாட் கொனெல்லாவும் பாடுவார், பாஸ் வாசித்த டைனி வின்டர்ஸும் சில வேடிக்கைப் பாட்டுகளில் மெல்லிய உச்சக்குரலில் பாடுவார். லூ ஸ்டோன் என்று லேபிளில் இருந்தாலே பௌலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மூன்றாவது நிச்சயமாக வேறு ஆள். அவர் வால் ரோசிங். ரஷ்யாவிலிருந்து வந்த விளாதிமிர் ரோசிங் என்ற ஆபெரா பாடகரின் மகன், 1932-இல் ஹென்றி ஹாலிடம் பாடியவர், பிறகு அமெரிக்காவுக்குப் போய் கில்பர்ட் ரஸ்ஸல் என்று பெயரை மாற்றிக்கொண்டார்.

சரி, ஏன் பெயர் போடவில்லை? நம் ஊர்க் கல்யாண வரவேற்பு லைட் மியூசிக் கச்சேரியை நினைத்துப் பாருங்கள். பேனரில் ட்ரூப்பின் பெயர் பெரிதாக இருக்கும். நன்றாகப் பாடிய அந்தப் பெண் யார் என்று மறுநாள் விசாரித்தால் ட்ரூப்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. 1930-களின் லண்டனிலும் ஏறக்குறைய அப்படித்தான். மக்கள் தட்டு வாங்கியது நடனம் ஆட. அதனால்தான் பாட்டின் பெயருக்குக் கீழே ஃபாக்ஸ்-டிராட், வால்ட்ஸ், ரும்பா என்று என்ன ஆட்டம் என்பதைத் தவறாமல் போட்டிருப்பார்கள். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும். முதலில் பேண்ட் முழுப் பாட்டையும் ஒருமுறை வாசிக்கும், நடுவில் பாடகர் எழுந்து வந்து ரிஃப்ரெயின், அதாவது நம் பல்லவி மாதிரியான அந்த 32 பார் (தாளச் சுற்று) பகுதியை மட்டும் பாடிவிட்டு உட்கார்ந்துவிடுவார், பிறகு மறுபடி பேண்ட். டிராம்போன் எப்படி ஒரு வாத்தியமோ குரலும் அப்படி ஒரு வாத்தியம். டிராம்போன்காரர் பெயரை யாரும் லேபிளில் தேடாத மாதிரி பாடகர் பெயரையும் தேடவில்லை. குரலே வேண்டாம், தாளம் பிசகாமல் இருந்தால் போதும் என்ற கூட்டமும் இருந்தது. பால்ரூம் நடனத்தில் உலகப் பட்டம் வாங்கிய விக்டர் சில்வெஸ்டர் 1935-இல் தொடங்கிய பேண்ட் அவர்களுக்காகவே வாசித்தது, அதில் பாட்டே கிடையாது.

பாடுவது தனித் தொழிலாக ஆனதே மைக் வந்த பிறகுதான். 1925-க்கு முன்பு ஒலிப்பதிவு என்றால் பெரிய கொம்புக் குழாய்க்கு முன்னால் நின்று உரக்கப் பாட வேண்டும், நடன அரங்கில் கையில் மெகாஃபோன். டிரம்ஸ்காரரோ வயலின்காரரோ கூடுதல் வேலையாக அதைச் செய்துவிட்டுப் போவார். மின்சார ஒலிப்பதிவு வந்ததும் ஒருவர் காதருகே பேசுகிற மாதிரி பாட முடிந்தது. பௌலி அதைத்தான் பிடித்துக்கொண்டார். உங்கள் தட்டிலேயே கவனித்துப் பாருங்கள். அவர் உள்ளே வரும்போது பேண்ட் கொஞ்சம் அடங்கும், அவர் எழும்பிப் பாட முயலவே மாட்டார், வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கீழே வைக்கிற மாதிரி வைப்பார். வரியின் கடைசிச் சொல்லில் மட்டும் குரல் நெருக்கமாக அதிரும், அந்த அதிர்வு அடங்கும் இடத்தில் மூச்சு விடுவது கூடக் கேட்கும். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அந்த இடத்தில் கை வேலை நின்றுவிடும்.

இவர் லண்டன்காரர் இல்லை. மொசாம்பிக்கில், இன்று மபுட்டோ எனப்படும் லோரன்சோ மார்க்கெஸில் பிறந்தவர். தந்தை கிரேக்கர், தாய் லெபனானைச் சேர்ந்தவர். பிறந்த ஆண்டு 1898 என்றும் 1899 என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள், 1898 என்பதையே பலரும் ஏற்கிறார்கள். ஜோஹன்னஸ்பர்கில் வளர்ந்து முடிதிருத்தும் வேலை பார்த்து, எட்கர் அடலர் என்பவரின் பேண்டோடு ஊர் ஊராகப் போய், சுரபாயாவில் வேலையை இழந்து, கல்கத்தா வந்து கிராண்ட் ஹோட்டலில் ஜிம்மி லெக்வைம் நடத்திய பேண்டில் சேர்ந்தார். பிறகு சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டல். அந்த கல்கத்தா பேண்டில் மோனியா லிட்டர் என்ற ரஷ்ய பியானோக்காரரும் இருந்தார். பின்னால் லண்டனில் லூ ஸ்டோன் பேண்டிலும் இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். 1927-இல் பெர்லின், 1928-இல் லண்டன் சவாய் ஹோட்டலில் ஃப்ரெட் எலிசால்டேவின் பேண்ட். அது கலைந்து பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டபோது தெருவில் பாடிப் பிழைத்த நாட்களும் உண்டு. 1930 நவம்பரில்தான் விடிவு. எச்.எம்.வி.யின் ஸ்டுடியோ பேண்டுக்குப் பொறுப்பாக இருந்த ரே நோபிள் இவரை எடுத்துக்கொண்டார், 1931 மே மாதம் மான்சினியர் உணவகத்துக்கு ஆள் சேர்த்த ராய் ஃபாக்ஸும் எடுத்துக்கொண்டார்.

அதே குரல் எப்படி இரண்டு கம்பெனித் தட்டில் வருகிறது என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ரே நோபிளின் பேண்ட் ஸ்டுடியோவுக்குள் மட்டும் இருந்த பேண்ட். இரவில் ஹோட்டலில் வாசிப்பவர்களைப் பகலில் அழைத்துப் பதிவு செய்வார்கள். டிரம்பெட்டுக்கு ஒரு பேண்டிலிருந்து ஒருவர், டிராம்போனுக்கு இன்னொரு பேண்டிலிருந்து ஒருவர் என்று நல்ல கைகளாகப் பொறுக்கி எடுப்பார்கள். பௌலி இரவில் பிக்காடிலியில் மான்சினியர் உணவகத்தில் பாடுவார், பகலில் எச்.எம்.வி. ஸ்டுடியோவில் நோபிளுக்குப் பாடுவார், நடுவில் டெக்காவுக்கும் பாடுவார். 1930 முதல் 1934 வரை நான்கே வருடத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள். ராய் ஃபாக்ஸ் உடல்நலம் கெட்டு ஸ்விட்சர்லாந்து போனதும் பியானோவில் இருந்த லூ ஸ்டோன் பேண்டைப் பார்த்துக்கொண்டார். 1932 இலையுதிர்காலத்தில் ஃபாக்ஸின் ஒப்பந்தம் முடிந்தபோது பேண்டில் பெரும்பாலோர் ஸ்டோனோடு அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆகவே ராய் ஃபாக்ஸ் என்று ஒரு லேபிளும் லூ ஸ்டோன் என்று ஒரு லேபிளும் உங்கள் பெட்டியில் இருந்தால், இரண்டிலும் வாசிப்பவர்கள் கிட்டத்தட்ட அதே ஆட்களாக இருக்கலாம்.

இதோடு மலிவு லேபிள்களும் சேர்ந்தால் குழப்பம் இன்னும் கூடும். எச்.எம்.வி. விலை கொடுக்க முடியாதவர்களுக்காக உல்வர்த் கடைகளில் எக்லிப்ஸ் என்ற எட்டு அங்குலத் தட்டு ஆறு பென்ஸுக்கு விற்றது. ரெக்ஸ், இம்பீரியல், ஸ்டெர்னோ, பிராட்காஸ்ட் என்று இன்னும் பல. இவற்றில் ஒரே பேண்ட் நாலு பெயரில் வரும், பெயர்களில் பாதி கற்பனை. அங்கே லேபிளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் நான் செய்வது இதுதான். தட்டைக் கையில் எடுத்து மேசை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் இடையில் ஒரு விரல் அகலம் வழவழப்பான இடம் இருக்கிறதே, அங்கே எழுத்தும் எண்ணும் மெலிதாக எழும்பித் தெரியும். சில தட்டில் லேபிள் காகிதத்துக்கு அடியிலேயே அமுங்கியிருக்கும், விரல் நுனியால் தடவினால் பிடிபடும். இது கடையில் கேட்டு வாங்கும் விற்பனை எண் இல்லை, அது லேபிளில் அச்சாகியிருக்கும். மெழுகில் பதிவு செய்த அன்றே அந்தப் பதிவுக்குக் கொடுத்த எண் இது, மேட்ரிக்ஸ் எண் என்பார்கள். அந்தக் காலத்து எச்.எம்.வி. பத்து அங்குலத்தில் ஓ.பி. என்று தொடங்கும், கொலம்பியாவில் சி.ஏ., டெக்காவில் ஜி.பி. எண்ணை அடுத்து ஒரு கோடு போட்டு 1 அல்லது 2 என்று இருந்தால் எத்தனையாவது டேக், அதாவது அதே பாட்டை எத்தனையாவது தடவை பதிவு செய்தது என்று அர்த்தம். உங்கள் நோபிள் தட்டில் பக்கத்திலேயே பொடியாக ஒரு சதுரமும் தெரியலாம். 1931 முதல் பயன்படுத்திய ஆலன் பிளம்லைனின் ஒலிப்பதிவு முறைக்கு அது அடையாளம். ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை வாங்கிய அதே பிளம்லைன்தான். சதுரத்துக்குப் பதில் முக்கோணம் இருந்தால் அதற்கு முந்தைய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் முறை. லேபிளைக் கம்பெனி பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி ஒட்டலாம், நாட்டுக்கு நாடு வேறு எண் கொடுக்கலாம், மெழுகில் விழுந்த எண் மட்டும் கூடவே வரும்.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு டிஸ்காகிரஃபியைப் பார்க்க வேண்டும், அதாவது பதிவு விவரப் பட்டியலை. பிரிட்டிஷ் டான்ஸ் பேண்டுகளுக்கு பிரையன் ரஸ்ட் தன் சகாக்களோடு தொகுத்ததுதான் இன்றுவரை எல்லோரும் தொடங்கும் இடம், அவருடைய உழைப்புக்கு நாமெல்லாம் கடன்பட்டவர்கள். ஆனால் அதில் எல்லா விவரமும் ஒரே தரம் இல்லை. பதிவான தேதியும் டேக் எண்ணும் பெரிய கம்பெனிகளின் பேரேடுகளிலிருந்து எடுத்தவை, அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். யார் பாடினார், யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்ற விவரத்தில் ஒரு பகுதி, பல வருடம் கழித்து வாசித்தவர்களிடமே கேட்டும், தட்டை ஓட்டிக் கேட்டும் நிரப்பியது. நோபிள், ஸ்டோன், அம்ப்ரோஸ் போன்ற பெரிய பெயர்களில் இது அநேகமாகச் சரியாக இருக்கும். மலிவு லேபிளில் ஒரு பெயரைப் பார்த்தால் அது ஒருவருடைய கணிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பல தட்டுகளுக்கு உறுதியான பதில் இனிமேல் வரப்போவதும் இல்லை.

காதால் கேட்டு முடிவு செய்வதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், இதைச் சொல்வது சொந்த அனுபவத்தில். பதினைந்து வருடத்துக்கு முன்பு ஒரு நண்பருக்கு, இது பௌலிதான், சந்தேகமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நம்பித் தட்டை ஒருவருக்கு விற்றார். ஒரு வருடம் கழித்து மேட்ரிக்ஸ் எண்ணைச் சரிபார்த்தபோது அது சாம் பிரவுன். அம்ப்ரோஸ் பேண்டின் முக்கியப் பாடகர் அவர், குரல் இன்னும் லேசாக, துள்ளலாக இருக்கும். நண்பர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். என் கிராமபோன் கொஞ்சம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, அதனால் பிரவுனின் குரல் கனத்துக் கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து வேகத்தைச் சரிபார்க்காமல் குரலைப் பற்றி வாய் திறப்பதில்லை. இன்னொன்று, அன்றைய பாடகர்கள் எல்லோரும் ஒரே மாதிரி மைக் பாணியைத்தான் பழகியிருந்தார்கள். கனடாவிலிருந்து வந்த லெஸ் ஆலன், ராய் ஃபாக்ஸிடம் பிறகு பாடிய டென்னி டென்னிஸ், ஜோ லாஸிடம் பாடிய சிக் ஹெண்டர்சன், இவர்களையெல்லாம் நாலு தட்டு வரிசையாகக் கேட்டுப் பழகினால்தான் வித்தியாசம் பிடிபடும்.

பௌலியின் கதையையும் சொல்லிவிடுகிறேன், கேட்கவில்லை என்றாலும். 1934-இல் நோபிளோடு நியூயார்க் போனார். அங்கே இசைக்கலைஞர் சங்கம் பிரிட்டிஷ் வாத்தியக்காரர்களை விடவில்லை, அதனால் நோபிளால் பௌலியையும் டிரம்ஸ் வாசித்த பில் ஹார்ட்டியையும் மட்டுமே கூட்டிப்போக முடிந்தது. அமெரிக்க பேண்டை நோபிளுக்குச் சேர்த்துக் கொடுத்தவர் க்ளென் மில்லர். நியூயார்க்கில் வெளியான விக்டர் கம்பெனித் தட்டுகளில் பௌலியின் பெயரை லேபிளிலேயே போட்டிருக்கிறார்கள். 1937-இல் லண்டன் திரும்பியபோது பழைய இடம் காத்திருக்கவில்லை, தொண்டையிலும் கோளாறு, அறுவைசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. 1940-இல் ஜிம்மி மெசின் என்பவரோடு இரண்டு கிட்டாரை வைத்துக்கொண்டு ஊர் ஊராக மேடையேறினார். 1941 ஏப்ரல் 16 இரவு ஹை விக்கம் என்ற ஊரில் நிகழ்ச்சி. அங்கேயே தங்கியிருக்கலாம், கடைசி ரயிலைப் பிடித்து லண்டன் வீட்டுக்கு வந்துவிட்டார். விடிவதற்குள் ஜெர்மின் தெருவில் பாராசூட்டில் இறங்கிய வெடி வெடித்தது. உடம்பில் காயமே தெரியவில்லையாம், படுக்கையறைக் கதவு தலையில் அடித்திருந்தது. அந்தத் தாக்குதலில் இறந்த மற்றவர்களோடு ஒரே குழியில் அடக்கம் செய்தார்கள். அதற்கு ஏறக்குறைய ஆறு வாரம் முன்பு, மார்ச் 8-ஆம் தேதி, கஃபே டி பாரிஸில் குண்டு விழுந்து கென் 'ஸ்நேக்ஹிப்ஸ்' ஜான்சன் இறந்திருந்தார். பிரிட்டிஷ் கயானாவில் பிறந்து, கறுப்பினக் கலைஞர்களை வைத்து லண்டனின் மிக நல்ல ஸ்விங் பேண்டுகளில் ஒன்றை நடத்தியவர், வயது 26. அவர் தட்டு ஏதாவது உங்கள் பெட்டியில் இருந்தால் அதை முதலில் ஓட்டிக் கேளுங்கள்.

உங்கள் தட்டுகளை லண்டனிலிருந்து கொண்டு வந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. லேபிளின் ஓரத்தில் டம் டம் என்று இருக்கிறதா பாருங்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம்மில் 1928 முதல் கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை ஓடியது, இங்கிலாந்திலிருந்து அச்சு வந்ததும் இங்கேயே தட்டு அழுத்தினார்கள். தட்டின் மூலப்பொருளே நம் நாட்டு அரக்குதான், சோட்டா நாக்பூர்ப் பக்கம் பலாச மரத்திலும் இலந்தையிலும் பூச்சி கட்டும் அதே அரக்கு. கல்பொடியும் கரியும் கலந்து அழுத்தியது. போர்க்காலத்தில் பிரிட்டனில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்து, புதுத் தட்டு வேண்டுமானால் பழையதைக் கொடு என்றார்கள், அப்படி அங்கே நொறுங்கிப்போனவை ஏராளம்.

அரக்கு என்பதால் ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதையும் தொட விடாதீர்கள், ஆல்கஹாலில் அரக்கு கரையும். நான் ஆரம்பத்தில் ஒரு தட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன், பஞ்சு கறுத்தது, பாட்டு போனது. காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய தூரிகை, லேபிளில் ஈரம் படாமல் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள். கிராமபோனில் இரும்பு ஊசி போட்டால் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி, தேய்ந்த ஊசி பள்ளத்தைச் சுரண்டிவிடும். மின்சார டர்ன்டேபிள் என்றால் எல்.பி. (பின்னால் வந்த 33 சுற்றுத் தட்டு) ஊசியில் ஓட்டாதீர்கள். 78-க்கு உரிய ஊசியின் முனை அதைவிட நாலு மடங்கு அகலம், எல்.பி. ஊசி பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து புழுதியைத்தான் வாசிக்கும்.

விலையைப் பொறுத்தவரை பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். நோபிளும் ஹென்றி ஹாலும் அன்றைக்கு வீட்டுக்கு வீடு வாங்கியவை, நல்ல நிலையில் இருந்தாலும் ஒரு தட்டு ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக் காசுக்கு மேல் போவது அபூர்வம். விதிவிலக்கு ஒன்று உண்டு. லெக்வைமின் கிராண்ட் ஹோட்டல் பேண்ட் 1926-இல் கல்கத்தாவிலேயே பதிவு செய்த தட்டு ஒன்று இருக்கிறது. பழைய கல்கத்தா ஆட்கள் யாராவது பெரியப்பாவுக்குக் கொடுத்து அது பெட்டியில் கிடந்தால், யாரிடமும் விலை பேசுவதற்கு முன்னால் இங்கே சொல்லுங்கள்.

இப்போதைக்கு அந்த லூ ஸ்டோன் தட்டின் இரண்டு பக்கத்தையும் விளக்கில் சாய்த்துப் படம் எடுத்துப் போடுங்கள், லேபிளும் அந்த வழவழப்பான வளையமும் தெரியும்படி. ஜி.பி. எண் படிக்கும்படி விழுந்திருந்தால் பாடியது பௌலியா கொனெல்லாவா என்று அன்றைக்கே பார்த்துச் சொல்கிறேன்.